விழத் தெரிந்த வில்லன்

கிறிஸ்துநாயகம் அண்ணை திரையில் சாகாத விதம் கிடையாது. மழையில் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் சங்கிலியால் கட்டிக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஒரு படத்தில் சூப்பில் விஷம் வைத்தார்கள். அந்தச் சாவு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "சூப் ஆறிப்போய்க் கிடந்தது தம்பி, வாயில வைக்கேலாது" என்று இன்றைக்கும் குறைப்படுவார். இருபது வருடமாகப் பிரெஞ்சுப் படங்களில் கடத்தல்காரன், கூலிக்கொலையாளி, சிறைக்குள் எல்லோரையும் அடக்கி ஆளும் தடியன் என்று வந்து வந்து செத்தவர். இப்போது லண்டன் பிளேஸ்டோவில் குடியிருந்துகொண்டு, ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் விடியற்காலை ஷிப்டில் பால் பெட்டி அடுக்குகிறார்.

நான் லெஸ்லி. கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்களின் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் ஸ்பீக்கரும் மைக்கும் கொண்டுபோய்ப் பூட்டுகிறவன். சனம் மைக்கில் பேசுவதையும் மைக்கை வைத்துவிட்டுப் பேசுவதையும் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. இந்தக் கதையில் சிலருக்குச் சுடும். சுடட்டும்.

அண்ணையின் முகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், எல்லா வினையும் அதனால்தான் வந்தது. இடது புருவத்தில் தொடங்கிக் கன்னம் வரைக்கும் ஒரு பெரிய தழும்பு. மன்னார் பேசாலையில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், சைக்கிளோடு ஒரு நாம்பன் மாட்டில் மோதி விழுந்த தழும்பு. எண்பதுகளில் ஓடி வந்து பாரிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, படங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு பெண் அங்கே சாப்பிட வந்தாள். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டாள். மாட்டுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல் அண்ணை அவளையே பார்த்தபடி சும்மா நின்றார். அந்தப் பார்வையும் மௌனமும் அவளுக்குப் பிடித்துப்போயின. அடுத்த மாதம் அண்ணை முதல்முறையாகச் செத்தார்.

அதற்குப் பிறகு பிரான்சில் அந்த முகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ரயிலில் அவர் ஏறினால் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் எழும்பிப் போவாராம். ஆனால் மனுசனோ படு கோழை. இரத்தப் பரிசோதனைக்கு ஊசி எடுத்தாலே மயங்கி விழுவார். வீட்டில் மனைவி டொலறஸ் அக்கா மீன் வெட்டும்போது இவர் அடுத்த அறையில் போய் ஜெபமாலை சொல்லுவார். பஸ் சாரதி கத்தினால், யாரைப் பார்த்துக் கத்தினாலும், இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

ஒருமுறை ஒரு பிறந்தநாள் விழா முடியும் வரை என்னோடு சாமான் ஏற்றுகிற வானுக்குள் இருந்தபோது அவரிடம் கேட்டேன், இவ்வளவு பயந்த ஆள் எப்படி வில்லனாக நடித்தீர்கள் என்று.

"வில்லன்ர வேலை வெருட்டிறது எண்டு எல்லாரும் நினைக்கினம்" என்றார். "அது முதல் ரெண்டு சீனுக்குத்தான். பேந்து முழுக்கப் பயப்பிடுற வேலை. நான் வடிவாப் பயந்தாத்தான் ஹீரோ பெரிசாத் தெரிவான். வடிவா விழுந்தாத்தான் சனம் கண் வெட்டாமப் பாக்கும். நான் விழேக்கை பின்னால ஆர் போறான், ஆர் வாறான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறவை."

அவருக்கு ஒரே பிள்ளை, றொசாந்தி. சின்ன வயதில் அப்பாவின் படம் பார்த்து, அப்பா செத்ததும் அவள் தியேட்டரே அதிர அழுவாளாம். பக்கத்தில் அதே அப்பா உயிரோடு இருந்தாலும் நம்பமாட்டாளாம். அதனால் இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். படத்தில் செத்துக் கிடக்கும்போது அண்ணை இடது கைச் சின்ன விரலை உள்ளே மடக்கி வைப்பார். "விரலைப் பார் குஞ்சு. மடங்கியிருந்தா அப்பா நடிக்கிறன்." அதற்குப் பிறகு எந்தப் பிணத்தைக் காட்டினாலும் அவள் முதலில் விரலைத்தான் தேடுவாள். கண்டதும் சிரித்துவிடுவாள். சுற்றியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன பிடித்ததென்று திரும்பிப் பார்ப்பார்களாம்.

படங்கள் குறைந்த பிறகு, டொலறஸ் அக்காவின் சகோதரங்கள் இங்கே இருந்ததால் மூவரும் லண்டனுக்கு வந்தார்கள். இங்கே வெள்ளைக்காரருக்கு அவரைத் தெரியாது. எங்கள் சனத்துக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்தால் 'பாரிஸ் வில்லனோடு' படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். கையைக் கழுத்தில் வைத்து நெரிக்கிற மாதிரி நில்லுங்கோ அண்ணை என்பார்கள். அவரும் நிற்பார்.

பிறகு றொசாந்திக்கு மாப்பிள்ளையாகப் பிரியந்தன் வந்தான். இல்ஃபோர்ட்டில் வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கும் தொழில். கோவிலில் வாசகம் வாசிப்பான், கோவிலை நடத்துகிற பங்குச் சபையில் இருப்பான், யாருடைய பெயரையும் மறக்கமாட்டான். எண்ணெய் பூசிய மாதிரிச் சிரிப்பு. கலியாண வீட்டில் மாமனாருடைய வெட்டுக்குத்துக் காட்சிகளை எல்லாம் தொகுத்துப் பெரிய திரையில் போட்டான். "இவர்தான் என்ர மாமா. றொசாந்தியை ஒரு சொல்லுச் சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு" என்று மைக்கில் சொன்னான். ஹோல் குலுங்கிச் சிரித்தது. ஸ்பீக்கர் என்னுடையது. நானும் சிரித்தேன்.

எட்டு ஒன்பது வருடம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மெரிஷா என்று ஒரு பெண்குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டாள். போன ஆவணியில், மடு மாதா திருநாளன்று, வெயில் மண்டையைப் பிளந்த நாளில், றொசாந்தி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். டொலறஸ் அக்கா விசிறிக்கொண்டே மகளின் சட்டைக் கையைச் சும்மா மேலே இழுத்துவிட்டார். முழங்கைக்கு மேலே நான்கு விரல்களும் அப்படியே நீலமாகப் பதிந்திருந்தன. அதற்கு மேலே மஞ்சளாய் மங்கிய பழைய அடிகாயங்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நித்திரை இல்லை. பங்கில் ஒரு பெரியவரிடம் போனார்கள். குடும்பத்துக்குள் கதைத்துத் தீருங்கள், பிள்ளையைக் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்கள் என்றார். கல்லானாலும் கணவன் என்ற பழமொழியை எங்கள் ஆட்கள் விமானத்தில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், சுங்கத்திலும் யாரும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒருநாள் சத்தம் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டாள். பொலிஸ் வந்து கேட்டபோது, படியில் தவறி விழுந்தேன் என்று றொசாந்தியே சொல்லி அனுப்பிவிட்டாள். பிரியந்தன் பின்னால் மெரிஷாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றானாம். நீ வெளிக்கிட்டால் பிள்ளையைக் காணமாட்டாய் என்று அவன் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லி வைத்திருந்தான்.

அப்போதுதான் டொலறஸ் அக்கா அந்த வார்த்தையைச் சொன்னார். நான் அவர்களின் சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பிரான்ஸ் முழுக்க இந்த மூஞ்சியைக் கண்டு நடுங்கினது" என்றார் புருசனிடம். "ஒருக்கா, ஒரே ஒருக்காப் போய் அவனை வெருட்டிப்போட்டு வாங்கோ. இதுக்கும் உதவாட்டி உந்த மூஞ்சி என்னத்துக்கு?"

"டொலறஸ், அது படம்."

"அவன் அடிக்கிறது படமே?"

இதை வேறு சாதிசனம் செய்திருக்காது. நாங்கள்தான் ஒருவரைத் திரையில் கண்டால் அதை அப்படியே நம்புகிறவர்கள். சட்டத்தரணியிடம் போயிருக்கலாம். நாங்கள் வில்லனை அனுப்பினோம்.

அண்ணை பெட்டிக்குள் கிடந்த, படங்களில் போட்ட கறுப்புத் தோல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இல்ஃபோர்ட்டுக்குப் போனார். மணியை அடித்தார். கதவு திறக்கவில்லை. கதவு மணியில் இருந்த கமராவைப் பார்த்து, தழும்பைத் திருப்பிக் காட்டி, பழைய குரலை எடுத்துச் சொன்னார்: "என்ர பிள்ளையில இனிக் கை வைச்சியோ, அந்தக் கை உனக்கு இருக்காது." சொல்லிவிட்டு மூலைக்கடை வாசலில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு வந்தாராம்.

நன்றாக நடித்திருந்தார். அதுதான் கேடு. பின்னேரத்துக்குள் அந்த வீடியோ பங்கு வட்ஸ்அப் குழுமம் எல்லாவற்றிலும் சுற்றியது. 'என் மாமனார் என்னைக் கொல்லப் போவதாக மிரட்டுகிறார், எனக்காகவும் குழந்தைக்காகவும் ஜெபியுங்கள்' என்று கீழே பிரியந்தனின் கண்ணீர். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. பாரிஸில் உண்மையாகவே கோஷ்டி வைத்திருந்தவராம். தழும்பு கத்திக்குத்தாம். கழுத்தை நெரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவர்கள்தான் முதலில் சொன்னார்கள், எங்களுக்கு அப்போதே சந்தேகம் என்று. பொலிஸ் வந்து, அந்த வீட்டுப் பக்கம் இனிப் போகக்கூடாதென்று அண்ணையைக் கண்டித்துவிட்டுப் போனது. வெருட்டிய பழியைச் சுமந்ததும் இவர்தான், வெருண்டதும் இவர்தான்.

றொசாந்தியின் போன் அதோடு நின்றது. பூசைக்கு வந்தால் அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்தபடியே முன்வரிசைக்குப் போவான், முடிந்ததும் பிடித்தபடியே காருக்குப் போவான். பார்க்கிறவர்கள் என்ன ஒற்றுமை என்பார்கள். அண்ணை கோவிலின் கடைசி வரிசை வாங்கில் இருந்து மகளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் மெலிந்துகொண்டே போனார். பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாராம் என்று அவரோடு வேலை செய்கிற பெடியன் எனக்குச் சொன்னான்.

குருத்தோலை ஞாயிறன்று டொலறஸ் அக்கா கோவில் கழிவறையில் மகளைப் பிடித்துவிட்டார். வெளியில் அவன் நின்றான். றொசாந்தி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாளாம்: "அம்மா, நான் வரமாட்டன் எண்டில்லை. அவர் என்னைப் பாக்காம ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தாப் போதும். பிள்ளையோட வெளிக்கிட்டிடுவன். அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குக் கிடைக்குதில்லை."

அந்த ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது? வாங்கக் கிடைத்தால் அண்ணை தோல் கோட்டிலிருந்து தோல் வரைக்கும் விற்றிருப்பார்.

அது வந்தது மெரிஷாவின் முதல் நன்மையோடு. பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நன்மை வாங்கும் பிள்ளை தாய் தகப்பன் முன்னும், அவர்களைப் பெற்றவர்கள் முன்னும் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பாய் என்று ஆசிரியை கேட்க, மெரிஷா எல்லோருக்கும் முன்னால், "என்ர அம்மாவின்ர அப்பாட்டை. ஆனா அவரைக் கூப்பிட டாடி விடமாட்டார்" என்று சொல்லிவிட்டாள். ஊர் வாய்க்கு உயிரைக் கொடுக்கிறவன் பிரியந்தன். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

விழாவுக்கு ஸ்பீக்கர் என்னுடையதுதான். என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: "மாமா வரட்டும் லெஸ்லி அண்ணை. எனக்கு ஒரு கோவமும் இல்லை. எல்லாரும் பாக்க மைக்கில மன்னிப்புக் கேக்கட்டும். வீடியோவில வெருட்டினவர், வீடியோவில கேக்கட்டும். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பிளேஸ்டோவுக்குப் போய் அண்ணையிடம் அதை அப்படியே சொன்னேன். காறித் துப்புவார் என்றுதான் நினைத்தேன். டொலறஸ் அக்கா துப்பியே விட்டார், கழுவுதொட்டிக்குள். அண்ணை துப்பவில்லை. கேட்டார்:

"அந்த ஹோலுக்குப் பின்கதவு இருக்கோ தம்பி?"

"சமையல் குசினிப் பக்கம் ஒண்டு இருக்கு. ஏன்?"

"நான் வடிவா விழுந்தா, அஞ்சு நிமிஷம் என்ன, பத்து நிமிஷமும் அவன் என்னைத்தான் பாப்பான்."

டொலறஸ் அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புருசனுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மூஞ்சி என்னத்துக்கு என்று அவர் அதற்குப் பிறகு சொல்லிக்காட்டவே இல்லை.

என் மனைவி கீர்த்திகா, பெண்களுக்கு உதவும் ஓர் இடத்தோடு கதைத்து, லண்டனுக்கு வெளியே தாய்க்கும் பிள்ளைக்கும் ஓர் அறை ஒழுங்கு செய்தாள். விழாவன்று அவள் காரோடு குசினிக் கதவுக்கு வெளியே நிற்பாள். டொலறஸ் அக்கா உடுப்பு மாற்றுகிற சாட்டில் மெரிஷாவை அங்கே கொண்டுபோவார். அண்ணை மைக்கைப் பிடித்ததும் றொசாந்தி எழும்பிக் குசினிக்குள் போக வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அவளுக்கு இதைச் சொல்ல, மெரிஷாவுக்கு வெள்ளை முக்காடு குத்துகிற நேரம் மட்டும்தான் கிடைத்தது. டொலறஸ் அக்கா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "அப்பா நடிக்கப்போறார். நீ திரும்பிப் பாராமல் வெளிக்கிடு" என்று மகளின் காதுக்குள் சொல்லி முடித்தார்.

பூசை முடிந்து மத்தியானம். ஹோல் நிறையச் சனம். வெள்ளை பலூன், சிலுவை வடிவத்தில் கேக், சொக்லேட் வழியும் ஒரு கோபுரம், பொரித்த ரோல்ஸ் வாசம். மெரிஷா தாய் தகப்பனிடம் முழந்தாளிட்டாள். பிறகு அண்ணையிடம் வந்தாள். அவர் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். பிள்ளை எழும்பியதும் டொலறஸ் அக்கா, "வா குஞ்சு, சட்டையில சொக்லேட் பட்டிடும், மாத்துவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனார். திட்டத்தின் முதல் பாதி முடிந்தது.

பிரியந்தன் என்னிடமிருந்து மைக்கை வாங்கினான். "எங்கட மாமா உங்களோட ரெண்டு வார்த்தை கதைக்க விரும்புறார்" என்று சொல்லி, மற்ற மைக்கை அண்ணையிடம் நீட்டினான். வீடியோக்காரனுக்குக் கையால் சைகை காட்டினான், கிட்ட வா என்று.

அண்ணை தொடங்கினார். "நான்... நான் மருமகனை வெருட்டினது பிழை. பெரிய பிழை." சொல்லிவிட்டு மெல்ல முழங்காலில் இறங்கினார். அறுபதைத் தாண்டிய முழங்கால்கள் சீமெந்தில் முட்டிய சத்தம் என் ஸ்பீக்கரில் கேட்டது.

"என்ர மூஞ்சி கெட்ட மூஞ்சி. என்ர வாய் கெட்ட வாய். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

பிரியந்தன் அவருடைய தோளில் கையை வைத்தான். முகம் மலர்ந்து போய்விட்டது, மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவன் அப்படி மலரவில்லை. "கொஞ்சம் சத்தமா மாமா" என்றான் மைக்கில், "பின்னால இருக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு மூன்று பேரின் முகத்தையும் நான் மறக்கமாட்டேன், அடுத்தமுறை ஸ்பீக்கர் கேட்டு வரட்டும்.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். றொசாந்தி கதிரையில் இல்லை. சுவரோடு சுவராகக் குசினிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அண்ணை முன்பு வானுக்குள் சொன்னது அச்சொட்டாக நடந்துகொண்டிருந்தது.

அப்போது பிரியந்தன் தலையைக் கொஞ்சம் திருப்பினான், மனைவியின் கதிரைப் பக்கம். அண்ணை அதைக் கண்டார். கண்டவுடன் மைக்கை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே குப்புற விழுந்து அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார்.

மாமன் மருமகனின் காலில் விழுவது எங்கள் ஆட்களிடம் எந்தச் சமயத்திலும் இல்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சொக்லேட் வழிகிற சத்தம் கேட்குமளவுக்கு ஹோல் அமைதியாகிவிட்டது. அண்ணை அழுதார். என்ன சொல்லி அழுதாரென்று விளங்கவில்லை, "விடுங்கோ தம்பி, விடுங்கோ தம்பி" என்பது மட்டும் கேட்டது. இது நடிப்பு, இது நடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

றொசாந்தி குசினிக் கதவில் கையை வைத்திருந்தாள். தள்ளினால் வெளியே. வெளியே கார், காரில் அவளுடைய பிள்ளை. அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, திரும்பிப் பாராமல் போவது.

அவள் திரும்பினாள்.

நான் கையால் போ போ என்று காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நிலத்தில் எதையோ உற்றுப் பார்த்தபடி நின்றாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் பார்த்தேன். அண்ணையின் இடது கை அவனுடைய சப்பாத்தின் மேல் விரிந்து கிடந்தது. ஐந்து விரல்களும் நீட்டியபடி. சின்ன விரல் மடங்கவில்லை.

அவள் வந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு ஹோலின் நடுவால் வந்தாள். எல்லாம் நாசமாகப் போயிற்று என்று நான் நினைத்தேன். இத்தனை மாதத் தவிப்பும், அந்த மனுசனின் மானமும், கீர்த்திகா ஓடி ஓடிப் பிடித்த அறையும் எல்லாம் ஒரே நிமிடத்தில் மண்.

றொசாந்தி குனிந்து தகப்பனின் இரு கைகளையும் அந்தச் சப்பாத்திலிருந்து எடுத்தாள். "எழும்புங்கோ அப்பா."

"நீ போ" என்றார் அவர். நிலத்தில் கிடந்த மைக்கில் அது ஹோல் முழுக்கக் கேட்டது. "நீ போ குஞ்சு. ஏன் வந்தனி?"

"எழும்புங்கோ. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை." அவள் நிமிர்ந்தாள். அந்த அழகான நீலச் சட்டையின் கையை, எல்லோரும் கேக் வெட்டுவதைப் பார்க்க வந்த அந்த இடத்தில், தோள்வரை இழுத்துவிட்டாள். "இவர் என்னை அடிக்கிறவர். மெரிஷா வயித்தில இருக்கேக்கையும் அடிச்சவர். அப்பா வெருட்டினது அதுக்குத்தான். படியில விழுந்தன் எண்டு நான் பொலிசுக்குச் சொன்னது பொய். உங்கள் எல்லாருக்கும் சொன்னதும் பொய்."

பிரியந்தன் சிரித்தான். அந்த நேரத்திலும் சிரிப்புத்தான் வந்தது அவனுக்கு. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், "றொசாந்திக்குக் கொஞ்ச நாளா மனம் சுகமில்லை, எல்லாரும் குறை நினைக்காதேங்கோ..." என்று தொடங்கினான்.

அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம், அவனுடைய மைக்கை அணைத்ததுதான். ஸ்பீக்கர் இல்லாமல் அவனுடைய குரல் எவ்வளவு சின்னது என்று எனக்கும் அன்றுதான் தெரியும். முன்வரிசைக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

யாராவது எழும்பி ஒரு சொல்லாவது சொன்னார்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஒருவர் கையில் பிடித்த ரோல்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் கடித்தார். பொறுத்துப் போகச் சொன்ன பெரியவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். ஆனால் வழி விட்டார்கள். றொசாந்தி தகப்பனின் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கி, பின்கதவால் போகாமல், பலூன் கட்டிய முன்வாசலால் கூட்டிக்கொண்டு போனாள். பிரியந்தன் பின்னால் இரண்டு அடி வைத்தான். வீடியோக்காரனின் கமரா அவன் முகத்துக்கு நேரே நின்றது. நின்றுவிட்டான். கீர்த்திகா பிள்ளையோடு காரை முன்வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. வழக்கு நடக்கிறது. இந்தமுறை றொசாந்தி பொலிசுக்கு உண்மையைச் சொன்னாள். அவன் பெரிய சட்டத்தரணி வைத்திருக்கிறான், பிள்ளையைக் கேட்கிறான். அவளும் மெரிஷாவும் எங்கே இருக்கிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பங்கில் பாதிப்பேர், புருசனைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்கிறார்கள். முதல் நன்மையைக் கெடுத்துவிட்டாளாம். அண்ணை இரவில் எழும்பி, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தபடி இருக்கிறாராம். அந்தத் தோல் கோட்டை டொலறஸ் அக்கா வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

போன கிழமை அண்ணையை வேலையிலிருந்து வானில் ஏற்றி வந்தேன். அப்டன் பார்க்கில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, நெடுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"விரலை ஏன் அண்ணை மடக்கேல்லை? மடக்கியிருந்தா அவள் போயிருப்பாள் எல்லே. மறந்துபோனீங்களோ?"

அவர் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தார். பால் பெட்டி வெட்டிய கீறல்கள் இருந்தன.

"மறக்கேல்லைத் தம்பி" என்றார். "நடிக்கத்தான் போனனான். கிடந்து அழுறன், அவன்ர காலைப் பிடிச்சுக்கொண்டு. அப்பதான் எனக்குப் பட்டது, இவன் என்ர பிள்ளையை விடுறன் எண்டு சொன்னா நான் சாகும் வரைக்கும் இப்பிடியே கிடப்பன் எண்டு. பேந்து எப்பிடி விரலை மடக்கிறது? அவள் பாத்தா பொய் சொன்ன மாதிரி எல்லே."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. நானும் வானை எடுத்தேன். பிளேஸ்டோ வரும்வரை அவர் அந்தக் கையை விரித்தபடியே வைத்திருந்தார்.